நெடுந்தீவுக்கு ஒருநாள் போதுமா?

யாழ்ப்பாணத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பும் நெடுந்தீவுச் சுற்றுலாவை இப்போது பலர் ஏற்பாடு செய்து கொடுக்கிறார்கள். வானில் ஏற்றிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடுவது, படகுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது, தீவில் ஓட்டோவுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது, பிற்பகல் படகு ஏறும்வரை கூட நிற்பது என்பவை அந்தச் சேவையில் அடங்கும். கடந்த ஆடி மாதம் கனடாவிலிருந்து வந்திருந்த அக்காவோடும் அத்தானோடும் அத்தகைய ஒரு சுற்றுலாவில் நெடுந்தீவைப் பார்த்தேன். பார்த்தது மனதில் சரியாக உட்காராததால், அடுத்து வந்த மாசியில் ஏற்பாட்டாளர் எவரும் இல்லாமல் தனியே போய் ஓரிரவு தங்கினேன். இரண்டு பயணங்களையும் பக்கத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தீவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். அதைக் காட்டும் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பாதி கொடுப்பதற்கே மனம் இழுபடுகிறது.

குறிகட்டுவானுக்குப் போகும் வழியைப் பற்றி எந்தக் குறையும் இல்லை. கடலின் குறுக்கே போட்ட சாலையான பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்குள் நுழைந்து, அங்கிருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குப் போகும் அந்தப் பாதையில் இருபுறமும் ஆழமில்லாத கடல் கண்ணாடிபோல் கிடக்கிறது. நடுக்கடல் என்று நாம் நினைக்கும் இடத்தில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசிக்கொண்டிருப்பார். வான் சாரதி நிறுத்தமாட்டேன் என்று சொன்னாலும் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் சாரதி படகுக்கு நேரமாகிறது என்று சொல்லி நிறுத்தவில்லை, ஆனால் இறங்குதுறையில் நாங்கள் ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம்.

குறிகட்டுவானில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பாலானோர் நயினாதீவுக்குப் போகிறவர்கள். நாகபூசணி அம்மன் கோவிலுக்கும் நாக விகாரைக்கும் போகும் யாத்திரிகர்களுக்காக அந்தப் பக்கம் படகுகள் வந்தவண்ணம் இருக்கும். நெடுந்தீவுப் படகோ நாளொன்றுக்குச் சில தடவைகள்தான் ஓடும். எந்தப் படகு எப்போது புறப்படும் என்பதை ஏற்பாட்டாளர் எங்களிடம் ஒருவிதமாகச் சொன்னார், துறையில் நின்றவர் வேறுவிதமாகச் சொன்னார், படகு இரண்டுக்கும் பொதுவாக இன்னொரு நேரத்தில் வந்தது. அரிசி மூட்டை, எரிவாயு உருளை, சீமெந்துப் பை, கூரைத்தகடு, கூடைக்குள் கட்டிய கோழி என்று தீவுக்கு வேண்டியவை எல்லாம் அதே படகில்தான் போகின்றன. வார இறுதி என்பதால் எங்களைப் போன்றவர்கள் முண்டியடித்து முதலில் ஏறி இருக்கைகளைப் பிடித்துவிட்டோம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த வயதான ஒருவர் மருந்துப் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். அக்கா எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் எழவில்லை. தீவுக்காரரை முதலில் ஏறவிடுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் தங்கள் ஆட்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

ஆடியில் போவதென்றால் சோளகத்தை மறந்துவிடக்கூடாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம் முழுவதும் படகு தலையை ஆட்டிக்கொண்டே போகும். நாங்கள் ஏறிய தனியார் படகில் பயணிகளுக்கான இடம் மேற்தளத்துக்குக் கீழே, குனிந்து இறங்கவேண்டிய ஒரு சிறு வாசலுக்குள் இருந்தது. இரு பக்கமும் நீளப் பலகைகள். கழுத்தளவு உயரத்தில் சன்னல்கள். சன்னலுக்கு வெளியே நம் முகத்துக்கு நேரே கடல். ஒவ்வொரு அலைக்கும் யாராவது ஒருவர் நனைந்தார். டீசல் புகை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. உயிர்காப்பு அங்கிகள் கூரையில் செருகப்பட்டிருந்தன, ஆனால் அணியும்படி ஒருவரும் சொல்லவில்லை. நானாக ஒன்றை இழுத்து எடுத்தபோது அதன் பட்டி அறுந்திருந்தது. ரொறன்ரோவில் பனிப்புயலுக்குள் கார் ஓட்டுகிற அத்தான் பாதி வழியிலேயே வெளுத்துப்போய்விட்டார். எதிரே இருந்த தீவுக்கார அம்மா ஒருவர் தன் கூடைக்குள் கைவிட்டு ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறிக் கொடுத்தார். “தம்பி, கண்ணை மூடாதேங்கோ. தூரத்தில கரையைப் பாத்துக்கொண்டு இதை மணவுங்கோ,” என்றார். கரை தெரியும்வரை அத்தான் அந்தத் தேசிக்காயை விடவில்லை. மாசியில் நான் தனியே போனபோது இதே கடல் குளம்போலக் கிடந்தது, மேற்தளத்தில் இருந்தே போனேன். நான் போன அரச படகில் கட்டணமும் வாங்கவில்லை. ஆகவே பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் விடுமுறையைப் பார்த்து நாள் குறிக்காமல் காற்றைப் பார்த்து நாள் குறிப்பது நல்லது: வாடைமழை ஓய்ந்த பிறகு சோளகம் எழும்புவதற்கு முன், அதாவது தை முடிவிலிருந்து சித்திரைவரை.

நெடுந்தீவின் இறங்குதுறையான மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவது குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நாம் சற்று முன் கடந்துவந்த அதே நீர்வழிதான் அது. எங்கள் சுற்றுலா நிரலில் அந்த இடத்தின் பெயரே இல்லை. ஓட்டோக்கள் காத்திருப்பதால் கூட்டம் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. அக்கா மட்டும் நின்று பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். ஏற்பாட்டாளரின் ஆள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இந்தச் சேவையில் என்னை மிகவும் கோபப்படுத்திய கணம் அதுதான்.

ஓட்டோவுக்கு 3000 ரூபாய். ஆறு இடங்கள், மூன்று மணி நேரம். அது நியாயமான தொகைதான். எரிபொருள் எல்லாம் கடல் தாண்டி வரவேண்டிய ஊரில் இதைவிடக் குறைவாக எதிர்பார்க்கமுடியாது. ஓட்டுநர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க, கலகலப்பான தம்பி. ஆனால் ஆறு இடங்களில் இரண்டை நான் தயங்காமல் வெட்டிவிடுவேன். ஒன்று, பாறையில் பதிந்த பெரிய பாதம். ஒரு மனிதனின் காலடி போன்ற பள்ளம் அது. ஒரு நிமிடம் பார்க்கலாம், அதற்காக அரை மணி நேரம் ஓடவேண்டியதில்லை. மற்றது, வளரும் கல். நிலத்திலிருந்து எழுந்து நிற்கும் ஒரு முருகைக்கல் திரட்டுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்திருக்கிறார்கள். “அண்ணை, நாங்கள் சின்னனா இருக்கேக்க இது முழங்காலளவுதான். இப்ப பாருங்கோ, இடுப்பளவு!” என்றார் ஓட்டுநர். அந்தக் கணக்கில் பார்த்தால் ஒல்லாந்தர் வந்தபோது கல் எங்கே இருந்திருக்கும் என்று அத்தான் கேட்டார். தம்பி கொஞ்சமும் கூச்சப்படாமல், “நிலத்துக்குக் கீழ,” என்றார்.

பெருக்குமரத்தை வெட்டமாட்டேன். ஆபிரிக்காவுக்கு உரிய அந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். மன்னாரிலும் அதன் உறவுகள் உண்டு. நெடுந்தீவு மரத்தின் அடியில் ஒரு பொந்து இருக்கிறது. குனிந்து உள்ளே போனால் நாலைந்து பேர் நிமிர்ந்து நிற்கலாம், வெயிலில் காய்ந்து வந்தவனுக்கு அந்தக் குளிர்ச்சி ஒரு வரம். உள்சுவர் முழுக்கக் காதலர் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. வைத்தியசாலைக்குப் பின்னால் இருக்கும் கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுவது. கூரை போய், மாடி போய், முருகைக்கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அங்கே விளக்கம் சொல்ல யாரும் இல்லை. செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்த கூடும், கப்பல்களுக்கு அடையாளமாக எழுப்பிய இராணி கோபுரமும் அப்படியே. பார்த்தோம், படம் எடுத்தோம், வந்தோம்.

வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் இடத்தில் நடந்ததுதான் வேடிக்கை. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலில் வந்த மீகாமனை இந்தக் கடலில் மறித்துப் போரிட்டவன் வெடியரசன் என்பது ஈழத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கடலையே ஆண்ட ஒரு தலைவனின் கதையை வைத்துக்கொண்டு எவ்வளவு சொல்லலாம்! எங்கள் ஓட்டுநருக்கு அந்தக் கதை தெரிந்திருந்தது, கேட்டபோது அழகாகவும் சொன்னார். ஆனால் ஓட்டோவை நிறுத்திய இடத்தில் அவராகச் சொன்னது “பத்து நிமிசம்” என்பதை மட்டும்தான். அவரிடம் குற்றமில்லை. அன்று பிற்பகலுக்கு முன் இன்னொரு குழுவையும் அவர் சுற்றிக்காட்ட வேண்டியிருந்தது.

எந்த நிரலிலும் இல்லாத, ஆனால் தீவில் நான் அதிகம் ரசித்த விடயம் மதில்கள். யாழ்ப்பாணத்தில் கதியால் நட்டுக் கிடுகு கட்டிய வேலி எப்படியோ, நெடுந்தீவில் முருகைக்கல் மதில் அப்படி. மண் மெல்லியது, அடியில் கல். வேலிக்குத் தடி தேடுவதைவிடக் கல் பொறுக்குவது எளிதான நிலம். சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கற்கள் தம் எடையாலேயே நிற்கின்றன. மாசிப் பயணத்தில் ஒரு மதிலருகே நின்று கையை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கல்லிலும் வேறுவேறு கோலம்: ஒன்றில் தேன்கூட்டு அறைகள், ஒன்றில் பூவிதழ்போல் விரியும் வரிகள், ஒன்றில் மூளைமடிப்பு. கடலடியில் உயிரோடு இருந்தபோது முருகை உயிரிகள் கட்டிய வீடுகள் அவை. இடையில் இருக்கும் துவாரங்கள் வழியே காற்று நுழைந்து போவதால் சோளகம் எவ்வளவு அடித்தாலும் மதில் சாய்வதில்லை என்று அந்த வீட்டுக்கார ஐயா சொன்னார். விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “திருப்பி அடுக்கிறதுதான், தம்பி. ஆனால் அடுக்கத் தெரிஞ்ச ஆக்கள் குறைஞ்சு போச்சினம்,” என்றார். பல வளவுகளில் மதில் மட்டும் இருக்கிறது, உள்ளே வீடு கூரையில்லாமல் கிடக்கிறது. போரும் வறட்சியும் தள்ளத் தள்ள மக்கள் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டார்கள். இப்போது தீவில் இருப்பவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள். பசுத்தீவு, தயிர்த்தீவு என்று தமிழிலும் வழங்கியதுண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் வேலணைக்கு லெய்டன், காரைநகருக்கு அம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டியபோது நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்ற பெயர் கிடைத்தது. மற்றவை மறைந்துபோக, இது ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. சுற்றுலா விளம்பரங்களில் தமிழில்கூட “டெல்ஃப்ட் தீவு” என்று எழுதுகிறார்கள். தீவுக்காரர் ஒருவரும் அப்படிச் சொல்வதை நான் கேட்கவில்லை.

இனி, எல்லோரும் எதற்காகப் போகிறார்களோ அந்தக் குதிரைகள். ஐரோப்பியர் இங்கே குதிரை வளர்த்தார்கள். பிரித்தானியர் காலத்தின் தொடக்கத்தில் நொலன் என்ற அயர்லாந்துக்கார அதிகாரி அந்தப் பண்ணையைப் பெருக்கினார். அவர்கள் போன பிறகு கைவிடப்பட்டவை தெற்குப் புல்வெளியில் தாமாகப் பெருகி, சில நூறு மட்டக்குதிரைகளாகத் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாசியில் அவற்றைப் பார்த்தபோது மழைக்குப் பிந்திய பச்சைப் புல்லில் வயிறு நிறைந்து, குட்டிகளோடு, நாம் நிற்பதையே பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. பின்னணியில் கடல். அந்தக் காட்சி விளம்பரப் படங்களைவிட அழகு. ஆடியில் பார்த்ததோ வேறு. புல் காய்ந்து சாம்பல் நிறமாகி, குதிரைகளின் விலா எலும்புகளை எண்ணக்கூடியதாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மாடுகளும் குதிரைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. வறட்சி கடுமையான ஆண்டுகளில் அவை செத்து விழுவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்த நிலையில் எங்களுக்கு முன்னால் போன ஓட்டோ, ஓடும் குதிரைகளைப் படம் பிடிக்கவேண்டும் என்று பயணிகள் கேட்டதற்காக, ஹோர்ன் அடித்தபடி கூட்டத்துக்குள் புகுந்தது. தண்ணீருக்காக நின்ற விலங்குகள் சிதறி ஓடின. இன்னொருவர் பிஸ்கட் பொதியைப் பிளாஸ்டிக்கோடு நீட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஓட்டுநர் தூரத்திலேயே நிறுத்தி, “இஞ்சயிருந்து பாப்பம் அண்ணை, அதுகள் பாவம்,” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்குக் கூடுதலாக 500 ரூபாய் கொடுத்தோம். குதிரைக்குக் கிட்டே போய் என்னைப் படம் எடுத்துத் தா என்று கேட்கும் பழக்கம் நம்மிடமிருந்துதான் தொடங்குகிறது. ஓட்டுநர்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

பகல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு வருகிறது. சுற்றிலும் கடல் உள்ள தீவில், தலைக்கு 1200 ரூபாய் கொடுத்து, எங்களுக்குக் கிடைத்தது கோழிக்கறி. அதுவும் நாங்கள் வந்த படகில் வந்த கோழியாக இருக்கலாம் என்று அத்தான் சந்தேகப்பட்டார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த அப்பளம், கோழி. சுவையில் குறை சொல்ல முடியாது, சமைத்த அம்மா வீட்டு விருந்தாளியைக் கவனிப்பதுபோல் கவனித்தார். மீன் ஏன் இல்லை என்று கேட்டபோதுதான் விடயம் புரிந்தது. காலையில் கரைக்கு வருவது அப்போதே எடை போடப்பட்டு, ஐஸ் பெட்டியில் ஏறி, சுற்றுலாக்காரர் வரும் படகு துறையைத் தொடுவதற்கு முன் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. முதல்நாளே சொன்னால் எடுத்துவைப்பார்கள். எங்கள் ஏற்பாட்டாளர் “சாப்பாடு எட்டுப் பேருக்கு” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

இப்போது மாசிக்கு வருகிறேன். தங்கியது ஒரு குடும்பம் தம் வீட்டின் பக்க அறையை விருந்தினருக்கு ஒதுக்கியிருந்த இடத்தில். கட்டில், மின்விசிறி, நுளம்புவலை, சுத்தமாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் உப்பு உண்டு, சவர்க்காரம் நுரைக்காது. முருகைக்கல் நிலத்தில் மழைநீர் மெல்லிய படலமாகத்தான் தங்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள கடல்நீர் மேலே வந்துவிடும். அதனால்தான் சாரப்பிட்டிக் கிணறுகளின் நல்ல தண்ணீரைத் தீவே ஒரு சொத்துப்போல் பேசுகிறது. குளிக்கப் பெரிய வாளி நிறையத் தண்ணீர் கேட்கும் பழக்கத்தை இறங்குதுறையிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும். மின்சாரம் அப்போது டீசல் மின்பிறப்பாக்கியிலிருந்து வந்தது. நெடுந்தீவு உட்பட மூன்று தீவுகளுக்கான, காற்றும் சூரிய ஒளியும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய அரசின் 1.1 கோடி டொலர் கொடையோடு 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது என்று தங்கியிருந்த வீட்டுத் தலைவர் பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் விளக்கு அணைந்து, ஐந்து நிமிடத்தில் வந்தது.

விடிய ஐந்தரைக்கு அவர் என்னைக் கரைக்கு அழைத்துப்போனார். ஒருநாள் சுற்றுலாக்காரர் எவரும் காணமுடியாத நேரம் அது. அவர்கள் அப்போது யாழ்ப்பாணத்தில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியிழைப் படகுகள் ஒவ்வொன்றாக எஞ்சினை நிறுத்தி அலையோடு வழுக்கி வந்து மணலில் மூக்கை வைத்தன. அன்று நண்டு நாள். வலையை அப்படியே அள்ளிக் கரையில் போட்டு, சுற்றிலும் நாலு பேர் உட்கார்ந்து, ஒவ்வொரு நண்டாகக் கழற்றத் தொடங்கினார்கள். நீலக்கால் நண்டு வலைக்கண்ணியைக் கொடுக்கால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் கால் முறியும். வயதான ஐயா ஒருவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டின் முதுகைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, நூலை இழுக்காமல் நண்டைச் சற்று முன்னுக்குத் தள்ளுகிறார். பிடி தளர்ந்த அந்த நொடியில் கண்ணி கழன்று விடுகிறது. கால் ஒன்றும் போகவில்லை. நான் முயன்றபோது முதல் நண்டிலேயே இரண்டு கால் என் கையோடு வந்தன. “கால் முறிஞ்சா விலை போச்சு, தம்பி,” என்று சொல்லி அதை வாங்கி, வீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த கூடைக்குள் போட்டார். வயிற்றில் மஞ்சள் சினையோடு வந்த ஒன்றைத் திரும்பக் கடலுக்குள் வீசினார்.

அவரோடு பேசியதில் தெரிந்துகொண்டவை எந்தக் கையேட்டிலும் இல்லை. செய்தித்தாள்களில் இந்தத் தீவின் பெயர் பெரும்பாலும் “நெடுந்தீவுக் கடற்பரப்பில் கைது” என்ற வரியில்தான் வரும். எல்லை தாண்டி வரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளைப் பற்றிய செய்தி அது. அடிமட்ட இழுவை மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் தங்கள் வலையைக் கடலில் விட்டுவைக்க நெடுந்தீவார் அஞ்சுகிறார்கள். “கிழமையில மூண்டு நாள் நாங்கள் வலை போடுறேல்லை. போட்டா விடிய வலை இராது,” என்றார் அவர். ஆனாலும் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு அந்தப் பக்கத்து ஆட்களும் இந்தப் பக்கத்து ஆட்களும் வந்து ஒன்றாகத்தான் நிற்பார்கள், தனக்கு அங்கே இராமேசுவரத்தில் பழக்கமானவர்கள் உண்டு என்றும் சொன்னார். 1974இல் இலங்கைக்கு வந்த கச்சதீவு இன்றும் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

சுற்றுலாவால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஓட்டோ வைச்சிருக்கிற பொடியளுக்குக் கொஞ்சம் கிடைக்குது, நல்லது. எங்களிட்ட ஆர் வருகினம்? குதிரையைப் பாப்பினம், படம் எடுப்பினம், போவினம். நண்டு வாங்கக்கூட ஒருத்தரும் இஞ்ச இறங்கிறேல்லை,” என்றார். ஒருநாள் சுற்றுலாவின் நேர அட்டவணையே அவருக்கும் பயணிக்கும் நடுவில் நிற்கிறது. ஏற்பாட்டாளர்கள் ஆறு இடங்களை நான்காகக் குறைத்து, மிஞ்சும் ஒரு மணி நேரத்தைக் கரைக்குக் கொடுத்து, முதல்நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பில் மீனோ நண்டோ எடுத்துவைக்கச் சொன்னால், இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் உடனே கூடிவிடும். அதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை.

போகிறவர்களுக்குச் சில்லறை விடயங்கள். பணத்தைக் கையில் கொண்டுபோங்கள். தொப்பியும் குடிநீரும் கட்டாயம். வெற்றுப் போத்தலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், ஏனென்றால் பெருக்குமரத்தின் அடியிலும் கோட்டைச் சுவரோரத்திலும் ஏற்கெனவே போதுமான அளவு கிடக்கிறது. இடங்களில் கழிப்பறை வசதி குறைவு. பெண்களோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் சாப்பாட்டு வீட்டிலேயே கேட்டுக்கொள்வது நல்லது, யாரும் மறுக்கமாட்டார்கள். திரும்பும் படகின் நேரத்தை ஏற்பாட்டாளரிடம் கேட்காமல் துறையில் கேளுங்கள்.

நான் தங்கிய வீட்டில் அன்று பகல் முருங்கையிலை போட்ட நண்டுக்குழம்பும் கெட்டித் தயிரும். நான் கால் முறித்த நண்டும் அந்தக் குழம்பில் இருந்தது என்று ஐயாவின் பேரன் வந்து சொல்லிவிட்டுப் போனான். புறப்படும்போது வீட்டுக்கென்று இரண்டு கிலோ நண்டை வாங்கி, ஈரச் சாக்கு சுற்றிய பையில் போட்டுப் படகேறினேன். உள்ளே அவை சாக்கைச் சுரண்டும் ஓசை எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் பையை விரித்துப் பார்த்து, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டார். சொன்னேன். ஒரு நண்டைத் தூக்கி, கவிழ்த்து, எடையைக் கையால் நிறுத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை, உங்களுக்குச் சரியான விலைக்குத்தான் தந்திருக்கிறார்,” என்று சொல்லிப் பையை மறுபடி கட்டிக் கொடுத்தார்.